எல்.வி. பலகை கட்டிய சைக்கிள்

"அப்போ வேணும்னே மெதுவா ஏறப் போற. அதானே?"

"சத்தமாப் பேசாதே."

"யாரு காதுலயும் வுழாது. அவனவன் காத்து இருக்குதான்னு டயர அமுக்கிப் பார்த்துகினு கீறான். சொல்லு, எவ்ளோ மெதுவா?"

"எல்லாரையும்விட மெதுவா."

"அக்கா, அங்க பாரு. மஃப்ளர் கட்டிகினு புதுசா ஒருத்தர் வந்துகீறாரே, அவரப் பாரு. தாம்பரத்துலேர்ந்து இங்க வர்றதுக்குள்ள எத்தினி எடத்துல எறங்கி நின்னாரு தெரியுமா? அவரைவிட மெதுவா ஏறணும்னா, நீ சைக்கிளத் தோள்ல தூக்கிகினு நடந்துதான் போவணும்."

"நடந்தா தப்பா?"

தயாளன் ஹேண்டில்பாரின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தான். தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவன், என்னைவிடச் சின்னவன். என் சங்கடத்தை மன்றத்தில் அவனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்தால் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருந்தது.

நாங்கள் வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில், காட்டை ஒட்டி ஏறும் மேட்டின் அடியில் நின்றிருந்தோம். எங்கள் ஞாயிறு சைக்கிள் மன்றம் அதற்கு மூச்சு மேடு என்று பெயர் வைத்திருந்தது. தொண்ணூற்றிரண்டாம் வருஷம், பொங்கல் முடிந்த முதல் ஞாயிறு. பனி விலகவில்லை. சாலை மேலே ஏறி, வெள்ளைக்குள் நுழைந்து, காணாமல் போயிருந்தது. நூலகத்திலிருந்து நான் எடுத்து வரும் மொழிபெயர்ப்பு நாவல்களில் சாலைகள் இப்படித்தான் மறையும். குதிரைகளின் மூக்கிலிருந்து ஆவி வரும். இங்கே ஆவி எங்கள் வாயிலிருந்து வந்தது. இஞ்சி டீயின் வாசனையோடு வந்தது.

எங்கள் மன்றத்தின் வழக்கத்தைச் சொன்னால்தான் நான் ஏன் மெதுவாக ஏற நினைத்தேன் என்பது புரியும்.

மற்ற இடங்களில் வேகமாக மிதிப்பவன் முன்னால் போவான். எங்களிடம் எல்லோரையும்விட மெதுவாக மிதிப்பவர்தான் முன்னால். அவரை யாரும் தாண்டக் கூடாது. அவருக்குப் பின்னால் அவரைவிடக் கொஞ்சம் வேகமானவர், அவருக்குப் பின்னால் இன்னும் வேகமானவர் என்று வரிசை நீளும். எல்லோரையும்விட வேகமான ஆள் கடைசியில் வருவார். அவருக்கு 'கார்டு' என்று பெயர். யாருக்காவது பங்சர் ஆனால், கால் பிடித்துக்கொண்டால், கார்டு நின்று பார்த்து, அழைத்து வந்து சேர்க்க வேண்டும்.

இதை ஏற்படுத்தியவர் தேவானந்தம் சார். ரயில்வேயில் கூட்ஸ் கார்டு; சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் போகிறவர். எண்பத்து நாலில் மன்றம் தொடங்கி முதல் தடவை கோவளம் போனபோது, வேகமானவர்கள் கடற்கரையில் குளித்துவிட்டு வறுத்த மீன் தின்றுகொண்டிருக்க, பங்சரான ஒருவர் வழியில் ஒரு பனைமரத்தடியில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாராம். அடுத்த ஞாயிறு தேவானந்தம் சார் சொன்னாராம்:

"ஒரு ரயில் ஸ்டேஷனைத் தாண்டிப் போகுதுன்னா ஸ்டேஷன் மாஸ்டர் இன்ஜினைப் பார்க்கமாட்டார்யா. கடைசிப் பெட்டியோட பின்னாடி எல்.வி.ன்னு ஒரு பலகை இருக்கும். லாஸ்ட் வெஹிக்கிள். அதைக் கண்ணால பார்த்தாத்தான் முழு ரயிலும் வந்துடுச்சின்னு அர்த்தம். அப்பத்தான் அடுத்த ரயிலுக்கு வழி. நம்மகிட்டேயும் பலகை வந்து சேர்ந்தாத்தான் மன்றம் வந்து சேர்ந்ததுன்னு அர்த்தம்."

அன்றிலிருந்து கடைசி சைக்கிளின் கேரியருக்குப் பின்னால் மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு தகரப் பலகை தொங்கும். அதில் கறுப்பில் எல்.வி. என்று இரண்டு ஆங்கில எழுத்து. கார்டிடம் ஒரு பச்சைக் கொடியும் விசிலும் இருக்கும். எங்கே நின்றாலும் கார்டு வந்து, தலைகளை எண்ணி, விசில் ஊதி, கொடி காட்டினால்தான் கிளம்ப வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்குப் பின், மூச்சு மேட்டில் ஒவ்வொருவராக ஏறி வரிசையைப் புதிதாகப் போட்டுக்கொள்வோம்.

போன வருஷம் இந்த மேட்டில் நான்தான் எல்லோரையும்விட மெதுவாக ஏறினேன். பாதியில் வாந்தி வந்தது. அதனால் ஒரு வருஷம் முழுக்க மன்றத்துக்கு முன்னால் போனேன்.

இதில் என்ன சங்கடம் என்றால், அப்பா.

அப்பாவுக்கு இரும்புலியூரில் செங்கல், ஜல்லி, மணல் வியாபாரம். பொன்னுரங்கம் கடை என்றால் எல்லோருக்கும் தெரியும். ஏரிப் பாசனத்தில் தாத்தா பயிர் வைத்த நிலம் மனைகளாகப் போனபின், அந்த மனைகளில் வீடு கட்டுகிறவர்களுக்கே செங்கல் விற்றவர் அப்பா. நான் தாம்பரத்தை அடுத்த சானடோரியம் பகுதியில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளின் தையலைச் சரிபார்க்கும் வேலைக்குச் சைக்கிளில் போவதை அவர் ஒன்றும் சொல்லவில்லை. மன்றத்தில் சேரப் போகிறேன் என்றதும் குதித்தார்.

"ஆம்பளைங்க பின்னாடி சைக்கிள்ல சுத்திகினு வரப் போறியா? ஊர்ல இன்னா பேசுவான்?"

"பின்னாடி இல்லப்பா. முன்னாடி."

நான் சொன்னது உண்மைதான். அவர் நம்பவில்லை. ஒரு ஞாயிறு எனக்குத் தெரியாமல் தன் எம்-80 மொபெட்டில் வந்து பெருங்களத்தூரில் ஒரு லாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்திருக்கிறார். முதலில் நான், என் பின்னால் ரயில்வே கார்டு, மின்வாரிய லைன்மேன், பள்ளிக்கூட வாத்தியார் என்று ஒற்றை வரிசையில் ஆண்கள். ஒருத்தரும் என்னைத் தாண்டவில்லை. அன்று மாலை கடையில் லோடு இறக்க வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்.

"எம்பொண்ணுதான் லீடரு. அத்தினி பேரும் அவ பின்னாடி. ஒருத்தன் தாண்டணுமே!"

அவர் ஏன் என்று கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "முன்னாடி போறவரைக்கும் போ. எவன் பின்னாடியாவது போறேன்னு காதுல வுழுந்துது, அன்னிக்கே சைக்கிள எடுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்."

அப்பா சொன்னால் செய்வார். வாரத்தில் ஆறு நாள் மற்றவர்கள் போட்டுக்கொள்ளும் சட்டைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் உலகம். அதை எப்படியும் விட முடியாது. அதற்காகத்தான் மெதுவாக ஏற வந்திருந்தேன்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

மஃப்ளர்காரர். பெயர் ஸ்ரீநிவாசராகவன், பாங்க் ஆபீசர். பேன்ட்டின் நுனி செயினில் மாட்டாமல் இருக்கத் துணி உலர்த்தும் கிளிப் போட்டிருந்தார். மூச்சு விடும்போது நெஞ்சில் பூனைக்குட்டி ஒன்று கத்தியது.

"இதுல தோத்துப் போறவாளைத்தான் முன்னாடி விடுவேளாமே, நிஜமா?"

"நிஜந்தான் சார்."

"அப்போ நான் ஜெயிச்சுடுவேன்." சிரித்தார். "வேற ஒரு கோஷ்டியோட போன மாசம் போனேன். குனிஞ்சு செயினைப் பார்த்துட்டு நிமிர்றதுக்குள்ள எல்லாரும் புள்ளியாப் போயிட்டா. ரெண்டு லாரிக்கு நடுவுல தனியா நின்னேன் பாரு, அன்னிக்கே சைக்கிளை வித்துடலாம்னு ஆயிடுத்து. அடுத்த வாரம் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போறேளாமே. நரசிம்மரை ஒரு தடவை சொந்தமா மிதிச்சுண்டு போய்ச் சேவிக்கணும். வேற ஆசை இல்லே."

அவர்தான் முதலில் ஏறினார். பாதியில் இறங்கினார். சைக்கிளைத் தள்ளினார். மறுபடி ஏறினார். மேட்டின் மேல் கடிகாரத்தோடு நின்ற தேவானந்தம் சார் ஒரு வார்த்தை அவசரப்படுத்தவில்லை.  பனிக்குள் அந்த மஃப்ளர் மறையும்வரை பார்த்தேன்.

தயாளன் என் பக்கம் சாய்ந்தான். "இப்ப சொல்லு. நடக்கறியா?"

நடந்தால் முதல் இடம் எனக்கு. அவர் எனக்குப் பின்னால் எங்கோ நடுவில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு மேட்டிலும் மூச்சு வாங்கி, வரிசையைப் பிடிக்க ஓடுவார். அந்த இடம் யாருக்காக உண்டாக்கப்பட்டதோ அவருக்குக் கிடைக்காது.

"அடுத்தது யாரு? சாமுண்டீஸ்வரியா?" கேசவன் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார். மின்வாரிய லைன்மேன். மன்றத்தின் கார்டு அவர்தான். கம்பத்தில் ஏறி ஏறித் தொடை இரும்பாக இருக்கும். "மெதுவாவே போம்மா. அவசரமில்ல. வழியில வாந்தி கீந்தி வந்தா ஓரமா எடு, பின்னாடி நான் வரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் விசில் ஊதினார்.

கோபத்தில் மிதித்தேன் என்று சொன்னால் கேசவனுக்குச் சந்தோஷமாக இருக்கும். அப்படியில்லை. மெதுவாகத்தான் தொடங்கினேன். போன வருஷம் எங்கே வாந்தி எடுத்தேனோ அந்த வேப்ப மரம் வந்தது. வயிறு ஒன்றும் சொல்லவில்லை. கால் வலிக்கவில்லை. ஒரு வருஷமாக என் பின்னால் வந்த எல்லோருக்காகவும் நான் முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. முன்னால் போகிறவருக்குத்தானே எதிர்காற்று! சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தேன். பனி முகத்தில் வந்து உடைந்தது. மேடு எப்போது முடிந்தது என்று தெரியவில்லை. தேவானந்தம் சார் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று கேட்டார்.

கடைசியாகக் கேசவன் ஏறி வந்தார். "என்ன சார், எப்பவும்போலத்தானே?"

"இல்லப்பா. உனக்கு முன்னாடி ஒரு ஆள் உன்னைவிடச் சீக்கிரமா வந்தாச்சு."

"யாரு?"

தேவானந்தம் சார் என் பக்கம் கையைக் காட்டினார். கேசவன் என் லேடீஸ் சைக்கிளைச் சுற்றி வந்தார். கூடையைத் தூக்கிப் பார்த்தார். கூடைக்குள் ஒரு நாவலும் ஆரஞ்சுப் பழமும் இருந்தன.

"மோட்டார் எதுவும் வெக்கலயே?"

"மச்சான், லேடீஸ் சைக்கிள் கிட்ட அடி வாங்கிட்டியே!" என்று யாரோ கத்தினார்கள். கேசவனின் காது சிவந்தது. ஆனாலும் மனுஷன் குனிந்து தன் கேரியரிலிருந்து மஞ்சள் பலகையை அவிழ்த்தார். என் சைக்கிளில் அவரே கட்டினார். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். விசிலைச் சட்டையில் துடைத்தார்; துடைத்தது போதாது என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து கழுவினார்.

"ஒருத்தரையும் வழியில வுட்டுட்டு வரக்கூடாது. நான் வுட்டதில்ல," என்று சொல்லிக் கொடுத்தார்.

மன்றத்தில் முதல் முறையாக ஒரு பெண் கார்டு. எல்லோரும் கைதட்டினார்கள். தயாளன் மட்டும் என்னைப் பார்த்து, பழைய இரும்பைத் தராசில் போடுவதுபோல் கையை ஆட்டினான்.

வீட்டுக்கு வரும்போது பலகையைக் கழற்றிக் கூடைக்குள் நாவலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"வரிசை போட்டாச்சா? எல்லாம் பழையபடிதான?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "அடுத்த வாரம் சிங்கப்பெருமாள் கோவில் போறீங்களே, கூடுவாஞ்சேரில உங்க அத்தை வூட்டாண்ட நிக்கறீங்க. பந்தல் போடச் சொல்லிட்டேன். சுக்குக் காபி. நீ முன்னாடி வர்றதப் பார்க்கணும்னு உங்க அத்தை வூட்டுச் சனம் மொத்தமும் நிக்கும். மாலைக்குச் சொல்லிட்டேன். சரவெடியும் வாங்கிட்டேன்."

"எதுக்குப்பா சரவெடி?"

"எதுக்கா? எம்பொண்ணு முன்னாடி வர்றா, வெடிக்காம?"

அந்த வாரம் முழுக்கச் சொல்லப் பார்த்தேன். சாப்பிடும்போது சொல்ல நினைத்தால் அவர் சந்தோஷமாகச் சாப்பிட்டார். கடைக்குப் போய்ச் சொல்ல நினைத்தால் அங்கே யாரிடமோ சரவெடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். படிக்க எடுத்த நாவலில் ஒரு தளபதி வெள்ளைக் குதிரையில் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டே இருந்தான். அவன் மேல் எரிச்சலாக வந்தது. மூடி வைத்துவிட்டேன்.

ஞாயிறு விடியும்போது தாம்பரம் மார்க்கெட் பக்கம் எல்லோரும் கூடினோம். கூடுவாஞ்சேரியில் என் அப்பா பந்தல் போட்டுக் காபியோடு நிற்பார் என்று மட்டும் சொல்லிவைத்தேன். ஸ்ரீநிவாசராகவன் முன்னால் போய் நின்றார். நெற்றியில் புதிதாக நாமம், கழுத்தில் அதே மஃப்ளர். நான் கடைசியில் நின்று தலைகளை எண்ணினேன். பதினெட்டு. விசில் ஊதினேன். பச்சைக் கொடியை உயர்த்தினேன். அவர்கள் நகர்ந்தார்கள்.

ஒரு வருஷம் முன்னால் போனபோது நான் பார்த்ததெல்லாம் சாலை மட்டும்தான். மன்றத்தைப் பார்த்ததே இல்லை. இப்போது ஜி.எஸ்.டி. ரோட்டின் புளியமரங்களுக்கு அடியில், எனக்கு முன்னால், மன்றம் முழுவதும் போய்க்கொண்டிருந்தது. கேசவன் மேடு வந்தால் வலது தோளைத் தூக்குவார். தேவானந்தம் சார் வழியில் வரும் ஒவ்வொரு கோயிலுக்கும், சர்ச்சுக்கும், சிக்னல் கம்பத்துக்கும்கூடத் தலையை ஆட்டுவார். வாத்தியாரின் சட்டை முதுகில் வேர்வை ஒரு தீவுபோலப் பரவியது. முதலில் அந்த மஃப்ளர் ஒரு சின்னக் கொடிபோல ஆடிக்கொண்டு, ஒருத்தரும் தாண்டாத கௌரவத்தோடு போயிற்று. எனக்கு நெஞ்சு விரிந்தது. இத்தனை முதுகுகளும் என் பொறுப்பு.

ஊரப்பாக்கம் தாண்டியதும் படக்கென்று ஒரு சத்தம். தயாளனின் செயின் அறுந்து பாம்புபோல ரோட்டில் கிடந்தது.

"போச்சு! அக்கா, நீ போ. உங்கப்பா பந்தல் போட்டுகினு நிக்கறாரு. நான் கடை எதுனா தொறந்தா சரி பண்ணிகினு வந்துடறேன்."

"இந்நேரத்துக்கு எந்தக் கடை தொறந்திருக்கும்? ஏறி உக்காரு."

"செயின் இல்லாத சைக்கிள்ல ஏறி உக்காந்து இன்னா பண்றது? போட்டோ எடுக்கறதா?"

"ஹேண்டில்பாரைப் பிடி. நான் தள்றேன்."

அறுந்த செயினை என் கூடையில் போட்டேன். அவன் ஏறி உட்கார்ந்தான். நான் பக்கத்தில் வந்து, இடது கையை அவன் முதுகில் வைத்து, ஒரு கையால் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். முதலில் இரண்டு பேரும் ஆடினோம். ஒரு பஸ் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போயிற்று. பிறகு தாளம் கிடைத்தது.

"அக்கா, எனக்கு வெக்கமா கீது."

"உன் கனத்துக்கு எனக்குத்தான் வெக்கமா இருக்கணும். கம்முனு வா."

சாலையை ஒட்டிய தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வந்தது. பெட்டி பெட்டியாக எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசிப் பெட்டியின் வாசலில் கார்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தார். தள்ளுகிற என்னை, தள்ளப்படுகிறவனை, என் கேரியரில் சுருட்டிச் செருகிய பச்சைக் கொடியை. எங்களைத் தாண்டியபின் திரும்பிப் பார்த்தவர், என் பின்னால் தொங்கிய பலகையைப் படித்திருக்க முடியாது. ஆனாலும் எழுந்து நின்றார். தன் பச்சைக் கொடியை வெளியே நீட்டி, ரயில் வளைவில் மறையும்வரை பிடித்துக்கொண்டே போனார்.

தயாளன் கழுத்தை நீட்டி அந்த வளைவையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு, "நமக்கா காட்டினாரு?" என்றான்.

"நமக்குத்தான்."

இதற்குள் கூடுவாஞ்சேரியில் நடந்ததை நான் பார்க்கவில்லை. கிளியம்மாள் அத்தை எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டதுதான்.

அத்தை வீட்டு வாசலில், ரோட்டோரம், பந்தல். அண்டாவில் சுக்குக் காபி. அப்பா புது வேட்டி கட்டி, ரோஜா மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். 'முதல் ஆள் தலை தெரிஞ்சதும் பத்த வை' என்று அத்தை மகனுக்கு உத்தரவு. பனிக்குள்ளிருந்து முதல் சைக்கிள் வந்தது. அவனும் பற்றவைத்துவிட்டான். வெடிச் சத்தத்தில் ஸ்ரீநிவாசராகவன் சைக்கிளோடு அத்தை வீட்டு வாழைக் கன்றுகளுக்குள் போய் இறங்கி, மஃப்ளரால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "நரசிம்மா!" என்றிருக்கிறார்.

புகை அடங்கியதும் அப்பா கேட்டாராம்: "எம்பொண்ணு எங்க சார்?"

"பின்னாடி வரா."

"பின்னாடின்னா?"

"கடைசியில."

"உங்கப்பன் மூஞ்சி மென்னு துப்பின கரும்புச் சக்கையாட்டம் ஆயிடுச்சுடி," என்பாள் அத்தை. "கையில கீற மாலைய எங்க வெக்கிறதுன்னு தெர்ல. வெடி வேற வெடிச்சாச்சு. சனம் மொத்தமும் வேடிக்கை பார்க்குது."

ஆனாலும் வந்தவர்கள் விருந்தாளிகள். அப்பா தானே டம்ளர்களில் காபி ஊற்றிக் கொடுத்தார். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். ஒருவரும் குடிக்கவில்லை.

"குடிங்க சார். ஆறிப்பூடும்."

"கார்டு வரட்டும் சார்," என்றார் தேவானந்தம். "கார்டு வந்து எண்ணி முடிக்காம நாங்க வாயில வைக்கிறதில்ல."

"அட, ஆறுதுங்கறேன்!"

"ஆறட்டும் சார்."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரு சார் அந்தக் கார்டு? அவரு பெரிய கலெக்டரா? அவரு வர்ற வரைக்கும் இத்தினி பேரும் டம்ளரப் புடிச்சிகினு நிப்பீங்களா?"

கேசவன்தான் பதில் சொன்னாராம். "எங்க எல்லாரையும்விட வேகமா மிதிக்கிற ஆளுதாண்ணா கார்டு. யாரையும் வழியில வுடாத ஆளு. அந்த ஆளு விசில் அடிக்காம நாங்க ஒரு அடி நகரமாட்டோம். போன வாரம் வரைக்கும் நான்தான் இருந்தேன். மேட்டுல என்னை அடிச்சிட்டாங்க."

"உன்னையா? எந்தூட்டுப் புள்ள அது?"

"உங்கூட்டுப் புள்ளதாண்ணா."

அந்த நேரத்தில்தான் நாங்கள் வந்தோம். தூரத்திலேயே பந்தலும், ரோடெல்லாம் சிவப்பாகக் கிடந்த வெடித்தாளும் தெரிந்தன. யார் வந்ததற்கு வெடித்திருப்பார்கள் என்பதும் தெரிந்தது. என் கை தயாளனின் முதுகிலேயே இருந்தது. அவன் எல்லாவற்றையும் மறந்து, கூட்டத்தைக் கண்டதும் மந்திரி மாதிரி ஒரு கையைத் தூக்கி இரண்டு பக்கமும் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தான்.

நின்றேன். இடது தோள் எரிந்தது. அப்பாவைப் பார்க்காமல் தலைகளை எண்ணினேன். ஒன்று விடாமல், உரக்க எண்ணினேன். "பதினெட்டு. எல்லாரும் வந்தாச்சு."

அதன் பிறகுதான் டம்ளர்கள் வாய்க்குப் போயின. ஆறிப்போன சுக்குக் காபியை எல்லோரும் ருசித்துக் குடித்தார்கள்.

அப்பா என் அருகில் வந்தார். பழைய இரும்பு என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சைக்கிளைச் சுற்றிப் பின்னால் போனார். குனிந்து பலகையைப் பார்த்தார்.

"இன்னாமா இது?"

"கடைசி வண்டின்னு அர்த்தம்பா. இது வந்தாத்தான் எல்லாரும் வந்ததா கணக்கு."

"போன வருசம் முன்னாடி போனியே?"

"அப்போ நான்தான்பா எல்லாரையும்விட மெது."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மாலையை எடுத்துப் பலகையின் மேல் சுற்ற ஆரம்பித்தார்.

"அண்ணே, இன்னா பண்ற? வண்டிக்கு மாலைய முன்னாடிதான போடுவாங்க?" என்று அத்தை கத்தினாள்.

"இந்த வண்டிக்கு இதாம்மா மூஞ்சி," என்றார் அப்பா.

அத்தை மகன் தயாளனின் செயினுக்கு எங்கிருந்தோ ஒரு கண்ணி தேடிக் கோத்துக் கொடுத்தான். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஸ்ரீநிவாசராகவன் வாழை இலைக் கிழிசலை மஃப்ளரிலிருந்து தட்டிவிட்டு முன்னால் போய் நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. கேசவன் திரும்பி, முடிச்சு சரியாக இருக்கிறதா என்று என் பலகையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். நான் கொடியை விரித்தேன். விசிலை வாயில் வைத்தேன்.

அப்பா இன்னும் என் கேரியரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தார். பந்தல் காலில் சாய்த்து வைத்திருந்த அத்தை மகனின் சைக்கிளைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி என் காதருகில் குனிந்தார்.

"ஏம்மா, அந்த மஃப்ளர் சாரைவிட மெதுவா மிதிக்கிறவன் ஒருத்தன் வந்தா, அவனைத்தான் முன்னாடி வுடுவீங்களா? நான் சைக்கிள தொட்டே இருவது வருசம் ஆவுது. கோயில் வரைக்கும்தான். என்னையும் சேத்து எண்ணேம்மா."